நோய்க்குப் பெயர் உண்டு

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் ஆலோசனை அறைகளில் அன்றாடம் நிகழும் காட்சி ஒன்றுண்டு. மேசைக்கு ஒருபுறம் மருத்துவர். மறுபுறம் எழுபது வயதைக் கடந்த தமிழ்த்தாய். இருவருக்கும் இடையில் மகள். மருத்துவர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசுகிறார். மார்பில் தோன்றிய புற்று எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்கிறார். முற்றாகக் குணப்படுத்த இயலாது, எனினும் மருந்தினால் சில காலம் கட்டுப்படுத்தி வைக்கலாம் என்கிறார். அம்மருந்தினால் விளையும் தொல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அம்மா எதை விரும்புகிறார் என்று கேட்கிறார். மகள் தாயின் பக்கம் திரும்புகிறாள். "சின்னக் கட்டிதானாம்மா. மருந்து சாப்பிட்டாக் கரைஞ்சிடுமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்கிறாள். தாய் மருத்துவரையும் மகளையும் மாறிமாறிப் பார்க்கிறாள். "அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதான் சொன்னாரா?" என்று கேட்கிறாள்.

மகள் பொல்லாதவள் அல்லள். முந்தைய இரவு முழுவதும் உறங்காதவள். வேலையிடத்தில் விடுப்புக்காகத் தலைகுனிந்து நின்றவள். மருத்துவமனை வாயிலில் தாயறியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவள். அவள் சொன்ன பொய்யை அன்பு என்றே சுற்றத்தார் போற்றுவர். அவளும் அவ்வாறே நம்புகிறாள். அந்த நம்பிக்கை தவறானது என்பதே இங்கு வைக்கப்படும் வழக்கு. நோயின் பெயரை நோயாளியிடமிருந்தே மறைக்கும் வழக்கத்தால் காக்கப்படுபவர் நோயாளி அல்லர்; அவர் அழுவதைக் காண அஞ்சும் மற்றவர்களே காக்கப்படுகின்றனர். தம் அச்சத்துக்கு அவர்கள் அன்பென்று பெயர் சூட்டியிருக்கின்றனர். தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இவ்வழக்கில் வெறும் பார்வையாளராக இருத்தல் இயலாது. ஏனெனில் அந்த அறையில் வஞ்சிக்கப்பட்டது தாய் மட்டுமன்று, அவள் அறிந்த ஒரே மொழியுமாம்.

தமிழ்க் குடும்பங்களில் இந்நோய்க்கு வழங்கும் மறைபெயர்களைத் தொகுத்தால் ஒரு சிறு நிகண்டே தேறும். கட்டி என்பர், சதை வளர்ச்சி என்பர், 'பெரிய வியாதி' என்பர், 'அந்த மாதிரி ஏதோ' என்று இழுத்து நிறுத்துவர். 'கேன்சர்' என்னும் சொல்லைக்கூடக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில்தான் சொல்வர். புற்றுநோய் என்னும் தமிழ்ச்சொல்லோ செய்தியறிக்கைக்கும் சுகாதாரச் சுவரொட்டிக்கும் உரியதாகி, வீட்டுப் படியேற உரிமையற்று வெளியே நிற்கிறது. கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களாக அவர்கள் கண்ணுக்குத் தோன்றின. ஆங்கிலச் சொல் அந்த நண்டிலிருந்து வந்ததே. தமிழ்ச் சொல்லோ கறையான் எழுப்பிய புற்றை நினைவூட்டுகிறது. ஊர்ப்புறத்துப் புற்றுக்குப் பால் வார்த்து, மஞ்சள் தூவி, குடும்பத்தோடு நின்று வணங்கிய மரபினர், அப்பெயர் தாங்கிய நோயை வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவது விந்தையினும் விந்தை.

மறைப்பதே நன்று என்போர் தங்கள் கட்சிக்கு முதலில் துணையழைப்பது திருவள்ளுவரைத்தான். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத்தக்கது என்னும் கருத்து, வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் உள்ளது உண்மையே. உறவினர் கூடிய கூடத்தில் யாரேனும் ஒருவர் இக்குறளைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் அக்குறளை வகுப்பில் நடத்திய ஆசிரியர் எவரும் அதிலுள்ள நிபந்தனையைக் காணாது போகமாட்டார். நன்மை விளைந்தால் போதும் என்று வள்ளுவர் விட்டுவிடவில்லை. அந்நன்மை குற்றம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்று கட்டுப்படுத்தினார். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, இப்பொய்யினால் விளையும் நன்மை யாது, அது யாரைச் சேர்கிறது என்பதே.

தாய் அன்றிரவு உறங்குகிறாள், அது நன்மைதான். மூன்றாம் வாரத்தில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்கிறது. நரம்பில் மருந்தேற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் சீன மூதாட்டிக்கும் அவ்வாறே உதிர்ந்திருப்பதைக் காண்கிறாள். சின்னக் கட்டிக்கு இத்தனை ஊசியா, இத்தனை படமெடுப்பா என்று உள்ளுக்குள் கணக்கிடுகிறாள். மகளிடம் கேட்க வாயெடுக்கிறாள். மகளின் முகம் வாடுவதைக் கண்டு பேச்சை மாற்றுகிறாள். அன்றுமுதல் பொய் இரட்டிக்கிறது. தாய்க்குத் தெரியாது என்று மகள் நடிக்க, தனக்குத் தெரியும் என்பது மகளுக்குத் தெரியாதபடி தாயும் நடிக்கிறாள். அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளில் இருவர் ஒரே உண்மையை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டு அழுகின்றனர். இதனைக் குற்றமற்ற நன்மை என்று சொல்ல எந்த உரையாசிரியர் துணிவார்?

வள்ளுவரை அழைத்தவர்கள் அவரை முழுமையாகவே கேட்கட்டும். மருந்து என்னும் அதிகாரம் முன்னுண்டது செரித்தபின் உண்ணவேண்டும் என்ற அறிவுரைக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. அதன் இறுதிக் குறளில்தான் மருத்துவம் எனப்படுவதன் முழு இலக்கணமும் வகுக்கப்பட்டுள்ளது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்று நான்கு கூறுகளை அக்குறள் எண்ணுகிறது. வரிசையை நோக்குக. மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயுற்றவனே நிறுத்தப்படுகிறான். அவனை அறையின் மூலையில் அமர்த்திவிட்டு மற்ற மூவரும் தமக்குள் பேசி முடிவெடுப்பதற்கு அவ்வரிசையில் இடமில்லை. பரிமேலழகர் இன்னும் நுணுகிச் சென்று ஒவ்வொரு கூறுக்கும் நான்கு இயல்புகளை உரைக்கிறார். நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதலும், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் நோயாளிக்குரியவை என்பது அவர் கருத்து. தன்னைப் பற்றியது இன்ன நோய் என்பதையே அறியாதவள் அதன் நிலையை எவ்வாறு உணர்த்துவாள்? எதன்பொருட்டு என்று தெரியாத துன்பத்தை எத்தனை நாள் பொறுப்பாள்? அருகிருப்பவனுக்கோ நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் செய்துமுடிக்கும் வல்லமை, அறிவு என்று நான்கு. அன்பை முதலில் வைத்த உரையாசிரியர் மொழித் தூய்மையை அடுத்தே வைத்தார். முதலாவது இருந்தால் இரண்டாவது வேண்டா என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அருகிருப்பவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். இன்று சிங்கப்பூரின் அரசாங்க அறிக்கைகள் 'பராமரிப்பாளர்' என்கின்றன. அதுவும் குறையில்லாத சொல்லே. ஆயினும் பராமரிப்பு என்பதைக் கட்டடத்துக்கும் மின்தூக்கிக்கும்கூடச் செய்யலாம். பக்கத்தில் செல்வதை மனிதருக்கு மட்டுமே செய்ய இயலும். பொய்சொன்னவர் பக்கத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஆகார்.

இனி, இது தமிழ்ப் பண்பாடு, மேலைநாட்டார் வழக்கத்தை இங்கே புகுத்தலாகாது என்று சொல்வோர் உளர். வரலாறு அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. மேலைநாட்டாரும் நேற்றுவரை மறைத்தவர்களே. 1961இல் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவமனையொன்றின் மருத்துவர்களிடம் டொனால்டு ஓக்கன் என்பவர் வினவியபோது, பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றனர். 1979இல் அமெரிக்காவில் அதே வினாத்தாள் மீண்டும் மருத்துவர்களிடம் கொடுக்கப்பட்டபோது, சொல்லிவிடுவதே தம் வழக்கம் என்றவர் 97 விழுக்காட்டினர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டு மருத்துவ உலகம் தலைகீழாக மாறியது. சப்பானில் பேரரசர் ஹிரோஹித்தோ 1989 சனவரியில் சிறுகுடற் புற்றினால் மறைந்தபோது, அந்நோயின் பெயர் அவர் மறைவுக்குப் பின்னரே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்நாட்டு மருத்துவரும் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினர். ஆக, மறைத்தல் எல்லா இனத்தாரும் அச்சத்தினால் கைக்கொண்டு, பின்னர் படிப்படியாகக் கைவிட்டுவரும் பழக்கம். அதைத் தமிழருக்கே உரிய குலதனம் என்று போற்றிக்காப்பது பெருமையாகாது.

சிங்கப்பூரும் இதற்கு விலக்கன்று. 1992இல் இந்நாட்டின் துணைப் பிரதமர்கள் இருவர், ஓங் டெங் சியோங்கும் லீ சியன் லூங்கும், தங்களுக்கு நிணநீர்ப் புற்று கண்டிருப்பதை நாடறியச் செய்தனர். ஆட்சிப்பொறுப்பில் இருப்போர் நோயை ஒளிப்பதே உலக வழக்கமாக இருந்த காலம் அது. முன்னவர் அதன்பின் 1993இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முதல் அதிபரானார். பின்னவர் 2004இல் பிரதமரானார். நோய் வெளிப்பட்டதால் அவர்கள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. மூளை நரம்பு அறுவை மருத்துவராக விளங்கி மூத்த துணையமைச்சராகப் பணியாற்றிய டாக்டர் பாலாஜி சதாசிவன் குடற்புற்றோடு வாழ்ந்தபடியே பொறுப்பைச் சுமந்து 2010 செப்டம்பரில் மறைந்தார். தமிழ்த் திரையுலகில் நடிகை கௌதமி தமக்கு வந்த மார்பகப் புற்றைப் பற்றி மேடைதோறும் பேசிவருகிறார். தலைவரும் கலைஞரும் சொல்லக்கூசாத சொல்லைச் சிராங்கூன் சாலைக் கடைக்காரரின் குடும்பம் சொல்லக் கூசுவது ஏன்?

கூச்சத்தை உடைத்த தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வரலாறு இதனினும் பழையது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் இளைய சகோதரி 1920களின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே, மலக்குடற் புற்றுக்கு ஆளாகி மறைந்தார். அவர் நோய் முதலில் சரியாக அறியப்படவில்லை. மருத்துவம் கற்ற அக்காள் பக்கத்திலிருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. உறுப்பின் பெயரைச் சொல்லவே நாணும் நோய் அது. மற்றொரு குடும்பமாயின் 'வயிற்றுக்கோளாறு' என்று சொல்லி அத்தோடு முடித்திருக்கும். முத்துலட்சுமியோ அத்துயரை வீட்டுக்குள் பூட்டிவைக்காமல் பொதுவில் கொண்டுவந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விடாது முயன்று, 1952இல் நேருவைக்கொண்டு அடிக்கல் நாட்டுவித்து, 1954 சூன் மாதம் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். தங்கையின் நோய்க்கு அக்காள் பெயர் சொல்லாதிருந்தால் அந்த மருத்துவமனைக்குக் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை.

மறைப்பதனால் உள்ளம் மட்டுமே நோகிறது என்று எண்ணுவதும் தவறு. உடலும் நோகிறது. புற்றுவலிக்கு மார்ஃபின் தக்க மருந்து என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1986லேயே வகுத்துரைத்தது. வலிக்கு ஏற்ற அளவில், முறையாகக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. ஆனால் மார்ஃபின் என்றவுடன் 'கதை முடிந்தது' என்று குடும்பம் நடுங்குகிறது. அதைக் கொடுத்தால் அம்மாவுக்கு ஐயம் வந்துவிடும் என்று தலைவலி மாத்திரையோடு நிறுத்தச் சொல்வோர் உண்டு. பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தாயை இரவெல்லாம் முனகவிடுகின்றனர் என்பதே இதன் பொருள். இதை நயமாகச் சொல்ல வழியில்லை. சிங்கப்பூரில் 1985இல் புனித சூசையப்பர் முதியோர் இல்லத்தில் பதினாறு படுக்கைகளோடு அந்திமகாலப் பராமரிப்புத் தொடங்கியது. 1989இல் தோன்றிய எச்சிஏ அமைப்பின் மருத்துவரும் தாதியரும் நோயாளியின் வீட்டுக்கே கட்டணமின்றி வருகின்றனர். 1992இல் டோவர் பார்க் அமைப்பும் உருவாயிற்று. இத்தனை இருந்தும், 'அந்த வண்டி வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பர், அம்மா என்ன நினைப்பாள்' என்று கதவடைக்கும் வீடுகள் உள்ளன. தாய் தன் கட்டிலில் படுத்து, தன் வீட்டுப் பூசையறை மணியோசையைக் கேட்டபடி இறக்க விரும்பியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பொருள் பற்றியும் ஒரு சொல். மத்திய சேமநிதியிலுள்ள பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. உயிரோடிருக்கும்போதே உறுப்பினர் தாமே நியமனம் செய்தால்தான் அவர் விரும்பியவருக்கு நேரே சேரும். இறுதிக் கட்டத்தில் உயிர்நீட்டிப்புக் கருவிகள் வேண்டா என்று முன்னதாக எழுதிவைக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. அதிலும் நோயாளி தவிர வேறெவரும் அவருக்காகக் கையெழுத்திட இயலாது. 2008ஆம் ஆண்டின் மனவளச் சட்டமோ, முதியவர் என்பதனாலேயே ஒருவர் முடிவெடுக்கும் ஆற்றலற்றவர் என்று கொள்ளலாகாது என்கிறது. நோயாளி அறிந்து முடிவெடுக்க வேண்டிய செய்திகளை நோயாளிக்கே மருத்துவர் தரவேண்டும் என்பதை 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. 2022 சூலை முதல் அது சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. நாட்டின் சட்டமெல்லாம் நோயாளியை நோக்கிப் பேசுகிறது. நடுவில் அமர்ந்த மகள் அதைத் தமிழில் சொல்லாது விழுங்கிவிடுகிறாள்.

மறைப்பின் மற்றொரு காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. வீட்டில் மணமாகாத பெண் இருக்கிறாள். தாய்க்கு இந்நோய் என்று தெரிந்தால் வரன் வராது. இந்தக் கணக்கில் அறியாமையும் கொடுமையும் சரிபாதி. புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை சிறுபகுதியே. அச்சிறுபகுதியிலும் உண்மையை முதலில் அறியவேண்டியவர் அந்தப் பெண்தானே? தாய்க்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்று இருந்தது என்று தெரிந்தவள் உரிய காலத்துக்கு முன்பே மருத்துவரை நாடுவாள். சிங்கப்பூரில் 2002 முதல் மார்பக ஊடுகதிர்ச் சோதனைக்கென நாடளாவிய திட்டம் நடைபெற்றுவருகிறது. மகளின் திருமணத்தைக் காக்கப்போய் மகளையே இழக்கும் வாய்ப்பைத் தேடிக்கொள்வது என்ன அறிவோ!

நோயாளியைக் காணவரும் சுற்றத்தாரைப் பற்றிச் சொல்லாது விடுவதும் முறையன்று. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிவந்து அரைமணி நேரம் அமர்ந்து, முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போய்விடும் என்று மருந்துரைத்து, எந்தப் பிறவியில் செய்த வினையோ என்று பெருமூச்செறிந்து, காப்பியைத் தனிக்குவளையில் கேட்டு அருந்திவிட்டுப் போவோர் பலர். புற்றுநோய் தொற்றுநோயன்று என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். அவர்கள் போனபின் அந்தக் குவளைகளைக் கழுவுகிறவள் யார்? மகள், அல்லது மருமகள், அல்லது ஊரைவிட்டு வந்த பணிப்பெண். வீட்டில் ஆண்மக்கள் மூவர் இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் வேலை ஒரு பெண்ணின் தலையிலேயே விழுகிறது. அவளும் நோயின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற ஆணைக்கு உட்பட்டவளாதலால் மேலதிகாரியிடம் காரணம் சொல்லி விடுப்புக் கேட்க இயலாது. தோழியிடம் சொல்லி அழ இயலாது. 1964 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் உதவியை நாடவும் இயலாது. மறைப்பு நோயாளியைத் தனிமைப்படுத்துவதோடு நில்லாமல் உழைச்செல்பவளையும் தனிமைப்படுத்துகிறது. வள்ளுவர் அவளையும் மருந்தின் நாலில் ஒரு கூறாகவே எண்ணினார் என்பதைக் குடும்பத்தார் எண்ணிப்பார்த்தல் நலம்.

தேக்காவுக்கு அருகே ஹேம்ப்ஷயர் சாலையில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் அது உலக சாதனையாயிற்று. அக்குழந்தைகளே இன்று அறுபதைத் தொடும் பிள்ளைகளாகப் புற்றுநோய் மருத்துவக்கூடங்களில் தாயருகே அமர்ந்து மொழிபெயர்க்கின்றனர். அவர்கள் ஆங்கிலத்தில் கற்றனர். தாயரோ தமிழிலேயே வாழ்ந்தனர். அத்தெருக்களிலேயே ஞாயிறுதோறும் கூடும் தொழிலாளரிடமும் இதே பொய் வேறு திசையிலிருந்து வந்து சேர்கிறது. புதுக்கோட்டையிலோ தஞ்சையிலோ தாய் படுத்திருக்கிறாள். பிள்ளை சிங்கப்பூரில் கட்டடம் கட்டுகிறான். 'அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, நீ கவலைப்படாதே, பணம் மட்டும் அனுப்பு' என்று தொலைபேசி சொல்கிறது. நோயின் பெயர் அவனுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் கடன்பட்டாவது ஒரு வாரம் சென்று முகம் பார்த்துவந்திருப்பான். பெயர் தெரியும் நாளில் பாடைக்குக் கூட விமானச்சீட்டு எட்டுவதில்லை. அவனுடைய நன்மைக்காகவே மறைத்தோம் என்று அப்போதும் சொல்வர்.

இந்நாட்டில் நிகழும் சாவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று புற்றுநோயால் நிகழ்கிறது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக்குரிய துயரன்று. தமிழ் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர் என்றேனும் ஒருநாள் அந்த நடு நாற்காலியில் அமரவேண்டியவரே. அன்று அவர்களுக்குக் கைகொடுக்கும் தமிழ் எது? பொங்கலைப் பற்றியும் தீபாவளிச் சந்தையைப் பற்றியும் பிழையின்றி ஐந்து நிமிடம் பேசும் மாணவி, 'பரவிவிட்டது' என்ற ஒரு சொல்லைப் பாட்டியிடம் சொல்ல நேரும்போது ஊமையாகிறாள். தமிழறிஞர்களோ கணினிக்கும் கைப்பேசிக்கும் கலைச்சொல் ஆக்குவதில் காட்டிய ஊக்கத்தை, ஒற்று மிகுமா மிகாதா என்ற வாதத்தில் காட்டிய வேகத்தை, இதில் காட்டியதில்லை. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டபோது கலங்கியவர் பலர். வீட்டில் பெரிதும் தமிழே பேசுவோர் 2010இல் மக்களில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 என்று குடிமதிப்பு காட்டியபோதும் கலங்கினர். மொழி தேய்கிறது என்று புலம்புவோர், வீட்டின் மிக முக்கியமான உரையாடலுக்கு அம்மொழி பயன்படாமற்போவதைக் கண்டும் காணாதிருப்பது பொருந்துமோ? மொழி அரசாங்க அறிவிப்புப் பலகையில் நான்காவது வரியாக நின்றால் மட்டும் வாழ்வதாகாது. தாய்க்கு அவள் நோயைச் சொல்ல உதவாத மொழியைத் தாய்மொழி என்று அழைப்பதில் பொருளும் இல்லை.

இதற்கு வேண்டிய சொற்கள் அரிய சொற்கள் அல்ல. சதையைச் சிறிது வெட்டியெடுத்துச் சோதித்தனர், பரவியிருக்கிறது, குணமாக்க இயலாது, வலியைத் தணிக்கலாம் — இவற்றில் மூதாட்டி அறியாத சொல் ஒன்றேனும் உண்டா? தணித்தல் என்பது எத்துணை நல்ல சொல்! தீயைத் தணிப்பர், தாகத்தைத் தணிப்பர், சினத்தையும் தணிப்பர். குணமாக்குதலுக்கும் கைவிடுதலுக்கும் இடையே ஒரு பெரும் வெளி இருப்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. மகளுக்குச் சொல்லெழவில்லையெனில் தமிழறிந்த தாதி ஒருவரை உடனிருக்கும்படி கேட்கலாம். அதுவும் தாழ்வன்று, பெற்ற தாயிடம் இத்தகைய செய்தியை மொழிபெயர்க்கும் சுமையை மகள் மேல் ஏற்றுவதே கொடுமை.

எல்லா நோயாளியும் எல்லாவற்றையும் அறிய விரும்புவதில்லை என்ற மறுப்பு எழும். அம்மறுப்பு நேர்மையானது. அறியாதிருக்க விரும்பும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. உண்மையைக் கல்லென எறிவதும் அன்பாகாது. ஆயின் அவ்வுரிமையை அவருக்குப் பதிலாக மகனோ மகளோ எடுத்துக்கொள்ளுதல் எங்ஙனம் முறையாகும்? கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். "அம்மா, டாக்டர் நிறையச் சொன்னார். எல்லாத்தையும் சொல்லட்டுமா, கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லட்டுமா, இல்லே தம்பிகிட்டே மட்டும் சொல்லிடட்டுமா?" மருத்துவமனை நடைவழியில், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, எங்கு வேண்டுமாயினும் இதனைக் கேட்கலாம். எல்லாவற்றையும் சொல் என்பாள் ஒரு தாய். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள், எனக்கு வேண்டா என்பாள் மற்றொருத்தி. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வேறொருத்தி சொல்வாள்: "எனக்கு முன்னமே தெரியும். நீதான் அழுவேன்னு சொல்லலே."